வராமல் போன மூன்றாம் அலை: முதுமையடையும் ஜப்பானும் அதன் பொருளாதாரமும்

ஜப்பானில் 2024ஆம் ஆண்டில் ஜப்பானியக் குடிமக்களுக்குப் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 6 லட்சத்து 86 ஆயிரம். அதே ஆண்டில் இறந்தவர்களோ 16 லட்சம் பேர். பிறப்பு, இறப்புக் கணக்கில் மட்டும் ஓராண்டில் 9 லட்சத்துக்கும் அதிகமானோரை அந்நாடு இழந்தது. 2008ஆம் ஆண்டளவில் 12 கோடியே 80 லட்சமாக உச்சத்தைத் தொட்ட அதன் மக்கள்தொகை, 2024 அக்டோபரில் 12 கோடியே 38 லட்சமாகக் குறைந்திருந்தது. அவர்களில் 29 சதவீதத்தினர் 65 வயதைக் கடந்தவர்கள். உலகின் பெரிய பொருளாதாரங்களில் இந்த அளவுக்கு மூப்படைந்த நாடு வேறொன்று இல்லை என்பதால், மக்கள்தொகை சுருங்கும்போது ஒரு தேசத்தின் உழைப்பும் வரவு செலவும் ஊர்களும் எவ்வாறு மாறுகின்றன என்பதை அறிய விரும்புவோர் முதலில் ஆராய வேண்டியது ஜப்பானின் அனுபவத்தையே ஆகும்.

இரண்டு அலைகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்து படைவீரர்கள் வீடு திரும்பியதும், 1947 முதல் 1949 வரையிலான மூன்று ஆண்டுகளில் ஜப்பானில் சுமார் 80 லட்சம் குழந்தைகள் பிறந்தன. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையை மக்கள்தொகையியலார் மொத்தக் கருவள விகிதம் என்பர். 1947இல் அது 4.5 ஆக இருந்தது. 1948இல் கருக்கலைப்பு சட்டபூர்வமாக்கப்பட்டு அடுத்த ஆண்டே பொருளாதாரக் காரணங்களுக்காகவும் அனுமதிக்கப்பட்டதாலும், குடும்பக் கட்டுப்பாட்டு முறைகள் பரவியதாலும், மக்கள் கிராமங்களை விட்டுத் தொழில் நகரங்களில் குடியேறியதாலும், பத்தே ஆண்டுகளில் அந்த விகிதம் பாதிக்கும் கீழே இறங்கி இரண்டை ஒட்டி நின்றது.

அந்த இறக்கம் அப்போது நாட்டுக்கு நன்மையாகவே அமைந்தது. வளர்க்க வேண்டிய குழந்தைகள் குறைந்து, பேண வேண்டிய முதியோரும் இன்னும் பெருகாதிருக்க, உழைக்கும் வயதினர் மட்டும் மிகுந்திருக்கும் இத்தகைய இடைக்காலத்தை மக்கள்தொகை ஆதாயக் காலம் என்று பொருளியலார் குறிப்பிடுகின்றனர். 1950களின் நடுப்பகுதியிலிருந்து 1973இன் எண்ணெய் நெருக்கடி வரை ஜப்பானின் பொருளாதாரம் ஆண்டுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி வளர்ந்ததற்குத் தொழில்நுட்பமும் சேமிப்பும் கல்வியும் எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் இந்த வயதமைப்பும் ஆகும்.

போருக்குப் பின் பிறந்தவர்கள் பெற்றோரானபோது 1971 முதல் 1974 வரை இரண்டாவது பிறப்பலை எழுந்தது. 1973இல் மட்டும் 20 லட்சத்து 90 ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. ஒரு தலைமுறை தன் எண்ணிக்கையைக் குறைவின்றி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கத் தேவையான கருவள விகிதம் ஏறக்குறைய 2.1 ஆகும், இதைப் பதிலீட்டு நிலை என்பர். 1974இல் இந்நிலைக்குக் கீழே சென்ற ஜப்பான் இன்றுவரை அதற்கு மேல் எழவே இல்லை. ஆயினும் இரண்டு பேரலைகளில் பிறந்தவர்கள் உயிரோடிருந்து குழந்தைகளும் பெற்றுக்கொண்டிருந்ததாலும், ஆயுட்காலம் நீண்டுகொண்டே சென்றதாலும், மக்கள்தொகை மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெருகியது. கருவளம் வீழ்ந்த பின்னரும் பழைய வேகத்தால் தொகை வளர்ந்துகொண்டிருக்கும் இந்நிலைக்கு மக்கள்தொகை உந்தம் என்று பெயர். இந்த உந்தமே ஆள்வோரின் கண்ணை மறைத்தது. 1989ஆம் ஆண்டின் கருவள விகிதம் 1.57 என்ற செய்தி 1990இல் வெளியானபோதுதான் நாடு திடுக்கிட்டது. பெண் குழந்தைக்கு ஆகாத ஆண்டு என்ற பழைய நம்பிக்கையால் பிறப்புகள் திடீரென்று குறைந்த 1966ஆம் ஆண்டின் அளவைவிடவும் அது தாழ்ந்திருந்தது.

மூன்றாவது அலை ஏன் எழவில்லை?

இரண்டாவது அலையில் பிறந்தவர்கள் 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் முற்பகுதியிலும் மணம் முடித்துக் குழந்தைகள் பெற்றிருந்தால், மூன்றாவது அலை ஒன்று எழுந்திருக்க வேண்டும். அது எழாததன் காரணம் வேலைச் சந்தையில் இருக்கிறது. நிலத்தின் விலையும் பங்குகளின் விலையும் அளவுகடந்து ஏறி 1990களின் தொடக்கத்தில் சரிந்தபோது, கடனில் சிக்கிய நிறுவனங்கள் பணியிலிருந்த மூத்த ஊழியர்களைக் காத்துக்கொண்டு, புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தின. படிப்பு முடிந்த கையோடு ஒரு நிறுவனத்தில் சேர்ந்து ஓய்வு பெறும்வரை அங்கேயே உழைப்பது என்பதே ஜப்பானிய வழக்கம் ஆதலால், அந்த ஒரு வாய்ப்பைத் தவறவிட்டவர்களுக்கு மறு வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. ஏறத்தாழ 1993 முதல் 2005 வரை நீடித்த அந்தக் காலத்தை ஜப்பானியர் 'வேலைவாய்ப்பின் பனிக்காலம்' என்று அழைக்கின்றனர். நிரந்தரமற்ற ஒப்பந்தப் பணியிலும் பகுதிநேரப் பணியிலும் இருப்போரின் பங்கு, 1990இல் ஊழியர்களில் ஐந்தில் ஒன்றாக இருந்தது, பின்னர் மூன்றில் ஒன்றுக்கும் மேலாக உயர்ந்தது.

ஜப்பானில் திருமணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தைகள் ஏறத்தாழ இரண்டு சதவீதமே என்பதால், திருமணங்கள் குறைந்தால் பிறப்புகளும் குறைந்தே தீரும். நிலையான வேலையற்ற இளைஞர்கள் குடும்பம் அமைக்கத் தயங்கினர். நிலையான வேலையில் இருந்த பெண்களோ, நள்ளிரவுவரை நீளும் அலுவலக நேரத்தையும் குழந்தை வளர்ப்பையும் ஒருசேரச் சுமக்க இயலாமல் திருமணத்தைத் தள்ளிப்போட்டனர். 50 வயதுவரை மணமே ஆகாத ஆண்கள் 1970இல் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. 2020இல் 28 பேர். 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் நடந்த திருமணங்கள் 2023இல் ஐந்து லட்சத்துக்கும் கீழே இறங்கின. இரண்டாவது அலையில் பிறந்த பெண்கள் குழந்தைப்பேற்றுக்குரிய வயதைக் கடந்துவிட்ட நிலையில், இன்று கருவள விகிதம் சற்றே உயர்ந்தாலும் பிறப்புகளின் எண்ணிக்கை பெருகாது; ஏனெனில் தாயாகக்கூடிய பெண்களின் தொகையே குறைந்துவிட்டது. 2024இல் அந்த விகிதமும் 1.15 ஆகவே இருந்தது.

உழைப்பும் உற்பத்தியும்

15 முதல் 64 வயது வரையிலானோரை உழைக்கும் வயதினர் எனக் கணக்கிடுவது உலக வழக்கம். ஜப்பானில் இவர்களின் தொகை 1995இல் 8 கோடியே 70 லட்சமாக உச்சத்தில் இருந்து, 2023இல் 7 கோடியே 40 லட்சமாகச் சுருங்கியது. இதே காலத்தில் நாட்டின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ தேங்கியே நின்றது. உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரம் என்ற இடத்தை 2010இல் சீனாவிடமும், மூன்றாவது இடத்தை 2023இல் ஜெர்மனியிடமும் ஜப்பான் இழந்தது.

இந்தத் தேக்கத்தை ஜப்பானியரின் திறன் மங்கியதன் அடையாளமாகக் கொள்வது பிழை. உற்பத்தியை மொத்த மக்களுக்கு வகுக்காமல் உழைக்கும் வயதினருக்கு மட்டும் வகுத்துப் பார்த்த பொருளியல் ஆய்வு ஒன்று, 1998 முதல் 2019 வரை ஜப்பானின் வளர்ச்சி அமெரிக்காவின் வளர்ச்சிக்குச் சமமாகவும் சற்று மேலாகவும் இருந்ததைக் காட்டியது. அதாவது ஒவ்வொரு கையும் முன்னைவிட அதிகமாகவே விளைவித்தது. கைகளின் எண்ணிக்கைதான் குறைந்தது. மேலும், முன்பு வீட்டோடு இருந்த பெண்களும், ஓய்வு பெற்றிருக்க வேண்டிய முதியோரும் வேலைக்கு வந்ததால், வேலையில் இருப்போரின் மொத்த எண்ணிக்கை குறையாமல் 2023இல் 6 கோடியே 70 லட்சத்தைத் தாண்டி நின்றது. விரும்பும் ஊழியரை 65 வயதுவரை பணியில் வைத்திருக்க 2013 முதல் சட்டம் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. 70 வயதுவரை வாய்ப்பளிக்க முயல வேண்டும் என்று 2021இல் அது விரிவாக்கப்பட்டது. 65 வயதைக் கடந்தும் உழைப்போர் இன்று 90 லட்சத்துக்கும் மேல்.

ஆனால் இந்தச் சேமக் கையிருப்பு ஒருமுறை மட்டுமே எடுத்துப் பயன்படுத்தக்கூடியது. வேலைக்கு வரக்கூடிய பெண்களில் பெரும்பாலோர் வந்துவிட்டனர். 70 வயதுக்காரர் 80 வயதை நெருங்கும்போது அவரும் விலகியே ஆக வேண்டும். பேருந்து ஓட்டுநர், கட்டடத் தொழிலாளர், முதியோரைப் பராமரிப்போர் ஆகியோருக்கான தட்டுப்பாடு நாடெங்கும் உணரப்படுகிறது. லாரி ஓட்டுநர்களின் மிகைநேரப் பணிக்கு 2024 ஏப்ரலில் ஆண்டுக்கு 960 மணி நேரம் என்ற வரம்பு வந்தபோது, சரக்குகள் உரிய நேரத்தில் சென்று சேருமா என்பதே தேசியக் கவலையாயிற்று.

ஓய்வூதியத்தின் கணக்கு

ஜப்பான் 1961இலேயே குடிமக்கள் அனைவரையும் ஓய்வூதியத்துக்குள்ளும் மருத்துவக் காப்பீட்டுக்குள்ளும் கொண்டுவந்தது. அங்கு இன்றைய முதியோர் பெறும் ஓய்வூதியத்தின் பெரும்பகுதி, அவர்கள் முன்பு கட்டிய பணத்திலிருந்து அல்லாமல், இன்று உழைப்போர் கட்டும் பணத்திலிருந்தே தரப்படுகிறது. ஆகவே எத்தனை பேர் சேர்ந்து ஒரு முதியவரைத் தாங்குகின்றனர் என்பதே இத்திட்டத்தின் உயிர்நாடி. 1950இல் ஒரு முதியவருக்கு உழைக்கும் வயதினர் 12 பேர் இருந்தனர். இன்று இருவரே உள்ளனர்.

இந்தச் சுமையை ஜப்பான் பல வழிகளில் பகிர்ந்தளித்தது. 40 வயதைக் கடந்த அனைவரும் சந்தா செலுத்தும் முதியோர் பராமரிப்புக் காப்பீடு 2000ஆம் ஆண்டு தொடங்கியது. படுக்கையில் கிடக்கும் பெற்றோரைப் பேணும் பொறுப்பு மகளின்மேலும் மருமகளின்மேலும் மட்டுமே விழுந்திருந்த நிலையை அது பெரிதும் மாற்றியது. 2004இல் நடந்த சீர்திருத்தம் ஓய்வூதியச் சந்தாவுக்கு ஊதியத்தில் 18.3 சதவீதம் என்ற உச்சவரம்பை விதித்து, உழைப்போர் குறையக் குறைய ஓய்வூதியத்தின் மதிப்பும் தானாக மெல்லக் குறையுமாறு செய்தது. பொருள்களின்மேல் விதிக்கப்படும் நுகர்வு வரி, 1989இல் 3 சதவீதமாகத் தொடங்கி, 2019இல் 10 சதவீதத்தை எட்டியது. இத்தனைக்குப் பிறகும் வரவுக்கும் செலவுக்கும் இடையிலான பள்ளம் கடனால் நிரப்பப்படுகிறது. அரசின் மொத்தக் கடன் நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப்போல் இருமடங்குக்கும் மேல். அக்கடனின் பெரும்பகுதி உள்நாட்டிலேயே பெறப்பட்டது என்பதாலும், முதுமை வருமுன் சேர்த்த செல்வம் வெளிநாடுகளில் முதலீடாகி வருவாய் தருவதாலும் ஜப்பான் நிலைகுலையாமல் இருக்கிறது.

சுருங்கும் ஊர்கள்

மக்கள்தொகைக் குறைவு நாடெங்கும் ஒரே சீராக நிகழ்வதில்லை. இளைஞர்கள் டோக்கியோவை நோக்கிச் செல்ல, சிற்றூர்களில் முதியோர் மட்டும் எஞ்சுகின்றனர். சாலை, குடிநீர்க் குழாய், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றின் செலவு, பயன்படுத்துவோர் பாதியானாலும் பாதியாவதில்லை. ஹொக்கைடோ தீவிலுள்ள யூபாரி நகரம் இதற்குக் கடுமையான சான்று. நிலக்கரிச் சுரங்கங்கள் செழித்த 1960இல் அங்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். சுரங்கங்கள் மூடப்பட்டபின் சுற்றுலாவை நம்பிக் கடன் வாங்கிய நகராட்சி, 2007இல் திவாலான நகராட்சியாக மத்திய அரசின் கண்காணிப்பின்கீழ் வந்தது. பள்ளிகள் இணைக்கப்பட்டன, நகர மருத்துவமனை சிறு மருத்துவ நிலையமாகச் சுருங்கியது, இன்று அங்கு ஏழாயிரத்துக்கும் குறைவானோரே வசிக்கின்றனர். 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜப்பானில் ஆளில்லாமல் கிடக்கும் வீடுகள் 90 லட்சம்.

இப்போது எடுக்கப்படும் முயற்சிகள் இரு வகைப்படும். முதலாவது, வெளிநாட்டவரை வரவேற்பது: நீண்டகாலம் தயங்கிய ஜப்பான், 2019இல் குறிப்பிட்ட தொழில்திறன் உடையோருக்குத் தனி விசாவை உருவாக்கியது, 2024 இறுதியில் அங்கு வாழும் வெளிநாட்டவர் 37 லட்சத்தைக் கடந்தனர். இரண்டாவது, குழந்தை வளர்ப்பின் சுமையைச் சமூகம் பகிர்ந்துகொள்வது: 2023இல் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமெனத் தனி அரசு முகமை அமைக்கப்பட்டது. சிறுவர் மருத்துவச் செலவையும் குழந்தைப் பராமரிப்பையும் ஊரே ஏற்றுக்கொண்ட ஒகாயாமா மாவட்டத்தின் நாகி என்ற சிற்றூரில், 2019இல் கருவள விகிதம் 2.95 ஆக உயர்ந்தது. ஆறாயிரம் பேர் வாழும் ஊரில் நிகழ்ந்ததை ஒரு தேசத்தில் நிகழ்த்துவது எளிதன்று. மக்கள்தொகை 2070இல் 8 கோடியே 70 லட்சமாகும் என்பதே அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு.

தமிழ்நாட்டுக்கு எஞ்சியிருக்கும் காலம்

ஜப்பானின் அனுபவம் தமிழ்நாட்டுக்குத் தொலைவான செய்தி அன்று. இந்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு 2020இல் தமிழ்நாட்டின் கருவள விகிதத்தை 1.4 எனக் காட்டியது. 60 வயதைக் கடந்தோர் 2021இல் மாநில மக்கள்தொகையில் 13.6 சதவீதமாக இருந்து, 2031இல் 18.2 சதவீதமாக உயர்வர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. பிறப்புகள் குறைந்தபின்னும் தொகை வளர்ந்துகொண்டிருக்கும் அதே உந்தக் காலத்தில்தான் தமிழ்நாடு இப்போது நிற்கிறது. ஒரே வேறுபாடு, ஜப்பான் செல்வம் சேர்த்தபின் முதுமையடைந்தது. 65 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லாத காலத்திலேயே அது அனைவருக்கும் ஓய்வூதியத்தை நிறுவிவிட்டது. தமிழ்நாட்டிலோ அமைப்புசாராத் தொழில்களில் உழைக்கும் பெரும்பாலோருக்கு இன்றும் போதிய ஓய்வூதியம் இல்லை.

மூப்பு ஒரு நாட்டைத் தானாக வறுமையில் தள்ளுவதில்லை என்பதை ஜப்பானின் அனுபவம் மெய்ப்பித்திருக்கிறது. அந்நாட்டுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பைத் தந்தது, ஒரு பெருந்தலைமுறையின் இளமைக்காலத்தில் அதற்கு நிலையான வேலையும் குடும்பம் நடத்தும் நம்பிக்கையும் தரத் தவறியதே ஆகும். அந்தப் பிழையைத் திருத்த ஜப்பானுக்கு மறு வாய்ப்பு இல்லை. இளைஞர்கள் இன்னும் மிகுந்திருக்கும் தமிழ்நாட்டுக்குச் சில காலம் எஞ்சியிருக்கிறது. படித்து வெளிவரும் ஒவ்வொருவருக்கும் நிலையான பணி, குழந்தை பெற்ற பெண் தன் வேலைக்குத் திரும்பும் வழி, கூலித் தொழிலாளிக்கும் உரிய ஓய்வூதியம் ஆகிய மூன்றையும் அந்தக் காலத்துக்குள் அமைத்துவிட வேண்டும்.