கரியாலூரிலிருந்து சென்டாரஸ் ஏ

கேலக்சியைப் படமெடுக்கத் தொடங்குபவர்கள் முதலில் தேடுவது ஆண்ட்ரோமெடாவை. 25 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருந்தாலும் இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கே தெரியும். ஆனால் அது முன்னிரவில் உயரே நிற்கும் ஐப்பசி, கார்த்திகை நமக்கு அடைமழைக் காலம். அதனால் கல்வராயன் மலைக்குத் தொலைநோக்கியோடு போகிறவர்களுக்கு என் யோசனை: பங்குனி, சித்திரையில் போங்கள், தெற்கே பாருங்கள்.

லண்டனில் அடிவானத்தைத் தாண்டாத சென்டாரஸ் ஏ என்ற கேலக்சி, கல்வராயன் மலையின் கரியாலூரில் ஏறத்தாழ 35 பாகை உயரம் ஏறும். வான் ஆய்வகத்துக்காக ஜவ்வாது மலையில் காவலூரை வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுக்க இந்தத் தெற்கு வானமும் ஒரு காரணம். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி தொடங்கிவைக்கப்பட்டது 1986-ல். அதே ஆண்டு மே மாதம் சென்டாரஸ் ஏ-வில் வெடித்த சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் எவன்ஸ் என்ற ஆஸ்திரேலிய அமெச்சூர்!

சென்டாரஸ் ஏ-வை வானில் கண்டுபிடிப்பது எளிது. தமிழ்ப் புத்தாண்டையொட்டி நள்ளிரவில் சித்திரை நட்சத்திரம் தெற்கு உச்சிக்கோட்டில் நிற்கும். அங்கிருந்து நேர் கீழே 32 பாகை இறங்குங்கள். சித்திரா பௌர்ணமி மட்டும் வேண்டாம். அமாவாசையை ஒட்டிய இரவுகளே உகந்தவை.

80 மில்லிமீட்டர் தொலைநோக்கியும் டிஎஸ்எல்ஆர் கேமராவும் போதும். அவற்றைவிட முக்கியம், அவற்றைத் தாங்கும் மவுன்ட். பூமி சுழல்வதால் விண்மீன்கள் நொடிக்கு 15 விகலை நகர்கின்றன. ஈக்வடோரியல் மவுன்ட் அதே வேகத்தில் பூமியின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் சுழன்று அதை ஈடுகட்டும். அதன் அச்சு வான துருவத்தைப் பார்த்து நிற்க வேண்டும். துருவ நட்சத்திரம் இங்கே 12 பாகை உயரத்தில்தான் இருக்கும். ஒரு மேடோ மரமோ அதை மறைத்துவிடும். எனவே பகலிலேயே வடக்கும் தெற்கும் திறந்த இடமாகப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நீண்ட படம் எடுப்பதில்லை. இரண்டு நிமிடப் பிரேம்களாக அறுபது எடுத்து, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண்கிறோம். கேலக்சியின் ஒளி எல்லாப் பிரேமிலும் அதே இடத்தில் விழும். புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் தாறுமாறாக விழும். நான்கு பிரேமுக்கு இரைச்சல் பாதியாகும், நூறுக்குப் பத்தில் ஒன்றாகும். மூடியைப் போட்டு எடுக்கும் டார்க் பிரேம்களையும் மறக்கக் கூடாது. சென்சாரின் சூட்டுப் புள்ளிகளை நீக்குபவை அவை.

அடுக்கிய படத்தில், ஒளிரும் உருண்டையின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை எழும். சென்டாரஸ் ஏ எப்போதோ விழுங்கிய இன்னொரு கேலக்சியின் தூசி அது. பட்டையின் விளிம்பு மங்கலாக இருந்தால் பிரேம்களை அழித்துவிடாதீர்கள். அடுத்த அமாவாசைக்கு எடுப்பவற்றையும் இவற்றோடு சேர்த்து அடுக்கலாம்.