எல்லைக்கு முந்திய கவிகள்

களியக்காவிளையைக் கடந்து வடமேற்கே செல்வோர் முதலில் பாறசாலையையும், பின்னர் நெய்யாற்றின்கரையையும் அடைவர். 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று வகுத்த எல்லையைக் கொண்டு, பல நூற்றாண்டு முந்திய கவிகளையும் இன்னார் உமக்கு, இன்னார் எமக்கு என்று பங்கிடுதல் தகுமா?

கோவளத்தை அடுத்த ஔவாடுதுறையில் வாழ்ந்தவர் அய்யப்பிள்ளை ஆசான். 15ஆம் நூற்றாண்டினர் என்பர் அறிஞர் பலர். அவருடைய இராமகதைப்பாட்டு, சந்திரவளையம் என்னும் கருவியின் தாளத்தோடு பாடப்பெற்று வந்தது. அதனைத் தமிழர் செவிமடுப்பின் பெரும்பகுதி விளங்கும், மலையாளிக்கும் அவ்வாறே. இத்தகைய நூல்களைத் தமிழ் இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் தொடுவதில்லை. மலையாளத்திலோ, தமிழ்க் கலப்பு மிக்கவை என்ற குறிப்போடு ஓரிடம் தருவர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எமக்கு அந்தக் 'கலப்பு' என்னும் சொல் உடன்பாடன்று. ஊரார் பேசிய மொழியில் ஊர்க்கவி பாடினார், அவ்வளவே. 14ஆம் நூற்றாண்டு இலக்கண நூலாகிய லீலாதிலகம், 'பாட்டு' என்னும் வகைக்குத் தமிழ் எழுத்துகளும் எதுகை மோனையும் வேண்டும் என்றே விதிக்கிறது. இன்னும் பழைய சான்றும் உண்டு. பாறசாலைக்குத் தெற்கே பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 95 மாணவர்க்குச் சாலை நிறுவியதைக் கூறும் 866ஆம் ஆண்டுச் செப்பேடு, தமிழில் அமைந்ததாகும்.

வில்லிசையில் பாடப்படும் இரவிக்குட்டிப் பிள்ளை போரை நோக்குவோம். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் மதுரைப் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் மாண்ட வேணாட்டு வீரனின் கதை இது. பகைவர் தமிழ்நாட்டினர், பாட்டும் தமிழ் கலந்தோடும் பாட்டே! படைக்குப் பகையானது மொழிக்குப் பகையாகவில்லை. அவ்வீரனுக்காக அழுத பெண்களும் இம்மொழியிலேயே அழுதிருப்பர்.

இன்றும் எல்லையின் தமிழ்ப்புறத்து முதியோர் குடிநீரை 'வெள்ளம்' என்பர். பேசுதலைப் 'பறைதல்' என்பர். நாகர்கோவிலுக்குக் கிழக்கேயிருந்து வருவோர் இதனை மலையாளம் என்று நகைப்பதுண்டு. பறைதலுக்குச் சொல்லுதல் என்னும் பொருளைத் தமிழ் அகராதிகளே தருகின்றன. தில்லியிலும் மும்பையிலும் வாழும் நேயர்களுள் விளவங்கோட்டார் இருப்பின், அச்சொற்களைக் கூச்சமின்றித் தம் பிள்ளைகளிடம் பறையலாம்.