வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறதா? பத்திரமாக வைப்பது எப்படி?

குடகிலோ பஞ்சாபிலோ சில வீடுகளில் சுவரில் மாட்டிய துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க கெத்தாத்தான் இருக்கும். ஆனால் ஒரு குழந்தையோ, திருடனோ, கடும் மன உளைச்சலில் இருப்பவரோ அதை எடுக்க ஒரு நிமிஷம் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தப்படி, பொதுவாக ஒருவர் 2 துப்பாக்கிகள் வரைதான் வைத்திருக்கலாம். லைசென்ஸ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். குடகின் கொடவர்களுக்கு லைசென்ஸில் இருந்து விலக்கு உண்டு. ஆனால் ஆபத்துக்கு விலக்கு கிடையாதே! பூட்டு எல்லோருக்கும் தேவை.

உள்ளே வைக்கும் முன்?

முதலில் தோட்டாவை எடுங்கள். மேகசினைக் கழற்றியதும் வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. சேம்பரில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். அதைத் திறந்து கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். அதுவரை குழல் யார் பக்கமும் திரும்பக் கூடாது. விரல் ட்ரிகரில் படக் கூடாது.

எங்கே வைப்பது?

சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு லாக்கர்தான் நல்லது. கண்ணாடிக் கதவு அலமாரியும், பரணும், கட்டிலுக்கு அடியும் வேண்டாம். இரட்டைக்குழல் ஷாட்கன் என்றால் குழலைத் தனியாகக் கழற்றி வைக்கலாம். ரைஃபிளில் போல்ட்டை எடுத்துவிடலாம். தோட்டாக்களுக்கு வேறொரு பூட்டிய பெட்டி வேண்டும். சாவி லைசென்ஸ்தாரரிடம் மட்டும் இருக்கட்டும். 'சாவி எங்க இருக்குன்னு பசங்களுக்குத் தெரியாது' என்று நம்பி இருக்காதீர்கள்.

மழைக்காலத்தில்?

துணி உறையும் தோல் உறையும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், இரும்பு துருப்பிடிக்கும். உறையைக் கழற்றி, துடைத்து, மெல்லிசாக எண்ணெய் பூசி, லாக்கருக்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்கள்.

வீட்டில் வைப்பதே ஆபத்து என்றால்?

நீண்ட நாள் வெளியூர் போகிறீர்களா? லைசென்ஸ் பெற்ற ஆயுத டீலரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வீட்டில் யாராவது மன உளைச்சலில் இருந்தால் தள்ளிப்போடாமல் இதைச் செய்யுங்கள். பூட்டை மட்டும் நம்பாதீர்கள். உதவிக்கு டெலி மனஸ் எண் 14416.

அப்பா, தாத்தா காலமானால்?

அவர் பெயரில் இருந்த லைசென்ஸ் உங்களுடையது ஆகாது. 'நினைவுக்காக இருக்கட்டும்' என்று பீரோவில் வைத்திருந்தால், லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்த குற்றமாகிவிடும். தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ டீலரிடமோ ஒப்படையுங்கள். பிறகு வாரிசு என்ற முறையில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். விதிகளில் அதற்கு இடமுண்டு. வேண்டாம் என்றால் விற்றுவிடலாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது துப்பாக்கி எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, லைசென்ஸ் எப்போது முடிகிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.