பம்பைக் கூட்டுவதா, விடுவதா?

கராஜ் வாசல் – 14

"பாலத்தில ஏறுதில்ல தம்பி. செக்கண்டுக்குப் போட்டாத்தான் அசையுது."

நானா சொன்னது 2024இல் திறந்த கொம்பனித்தெரு மேம்பாலத்தை. ரயில் கேட்டில் காத்துக் கிடந்த காலம் போய், இப்போது வட்டாரத்துப் பழைய வாகனங்களுக்கெல்லாம் அந்த ஏற்றம்தான் பரீட்சை. அவருடையது ஊரெல்லாம் 'டொல்பின்' என்று அழைக்கும் டொயோட்டா ஹையேஸ், எல்.எச். 113. காலையும் மதியமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், இடையில் கிடைக்கிற ஹயர். 3எல் எஞ்சின், 2779 சி.சி., டர்போ கிடையாது. விற்றுவிட்டு வேறு பாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதற்குள் பழைய வேன்களின் விலை எங்கேயோ போய்விட்டது.

தெருவில் கேட்ட இடமெல்லாம் ஒரே வைத்தியம்: "பம்பைக் கொஞ்சம் கூட்டிவிடுங்க."

கூட்டுவது சுலபம், ஆசை காட்டுவதும் அந்தச் சுலபம்தான். இந்த எஞ்சினில் இருப்பது 'வீ.ஈ.' வகைப் பம்ப். போஷ் கண்ட வடிவம், ஜப்பானில் டென்சோ செய்தது. உள்ளே ஒரே ஒரு பிளஞ்சர். சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் போய், நான்கு சிலிண்டருக்கும் முறை வைத்து டீசலைப் பிரித்துக் கொடுக்கிறது. பின்பக்கம் லொக் நட்டோடு ஒரு ஸ்குரூ. முழு மிதியில் எவ்வளவு டீசல் போகலாம் என்பதற்கு அதுதான் எல்லை. ஐந்து நிமிட வேலை, அரைச் சுற்றுக்கே வேன் வேறு மாதிரி ஓடும்.

ஆனால் டர்போ இல்லாத எஞ்சின் ஒரு மூச்சுக்கு இழுக்கிற காற்று அதேதான். ஸ்குரூவைத் திருப்பினால் டீசல் கூடுமே தவிர, காற்று கூடாது. ஊதுகுழல் இல்லாமல் அடுப்பில் விறகைத் திணித்த கதை. கொஞ்சம் இழுவை கிடைக்கலாம். அதற்குப் பிறகு கறுப்புப் புகை, பிஸ்டன் தலையில் சூடு, எஞ்சின் ஒயிலில் கரி. கம்பனி வைத்த அளவில் இருக்கிற பம்பைக் கூட்டுவது, என் கணக்கில், நாளைய இழுவையை இன்றைக்குக் கடன் வாங்குவது.

பம்ப் உண்மையிலேயே தேய்ந்திருந்தால்? அதற்கு இடம் இருந்தது. இந்தப் பம்புக்குத் தனியாக ஒயில் கிடையாது, ஓடுகிற டீசலே அதற்கு ஒயில். 2022 ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபா. ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் 87 ரூபா. கியூவில் இரவெல்லாம் கிடந்தவர்கள் எதை எதோடு கலந்தார்கள் என்று இப்போது யாரும் வாய் திறப்பதில்லை. மண்ணெண்ணெய்க்கு வழவழப்புக் குறைவு. அந்த வருஷத்து விலை வித்தியாசத்தைப் பிளஞ்சர்தான் கட்டியது. "நான் கலக்கல்ல, கேனில வாங்கினது என்னவோ தெரியா" என்றார் நானா.

வேனை டீசல் பம்ப் திருத்தும் இடத்துக்குக் கொண்டுபோனோம். பம்ப் ரூம் பாஸ் (ஒல்லாந்தர் விட்டுப்போன இந்தச் சொல்லுக்கு நிகராகத் தமிழில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை) ஸ்பேனரைத் தொடாமல் ஒரு பழந்துணியை எடுத்தார். எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, நிறுத்தி, சற்றுப் பொறுத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். தேய்ந்த பம்பில், சூட்டில் இளகிய டீசல் பிளஞ்சரின் ஓரத்தால் கசிந்துவிடும். காலையில் நன்றாகப் பிடிக்கிற எஞ்சின் மதியம் அடம்பிடிக்கும். அப்போது பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுக் குளிர்த்தினால் பிடித்துக்கொள்ளும். அப்படியானால் ஸ்குரூவைத் திருப்பிப் பயனில்லை, கழற்றி பெஞ்சில் ஏற்றத்தான் வேண்டும். நானாவின் வேன் துணியில்லாமலே, அரைச் சுற்றில் பிடித்தது.

"பம்ப் குத்தமில்ல" என்றார் பாஸ்.

பிறகு நானாவை உள்ளே ஏற்றி எக்ஸலேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பெடல் தரையைத் தொட்டும், பம்பின் லீவர் தன் எல்லையைத் தொடவில்லை. நடுவில் ஒரு சுண்டுவிரல் இடைவெளி, கேபிள் தளர்ந்திருந்தது. எத்தனை மாதமாக நானா முக்கால் மிதியில் ஓட்டிக்கொண்டிருந்தாரோ!

நொசில் நான்கையும் கழற்றி டெஸ்டரில் மாட்டினார். கைப்பிடியை அமுக்க அமுக்க முள் நூறைத் தாண்டி ஏறியது. முதலாவது 'கிர்ர்' என்று அதிர்ந்து பனிமூட்டம் போல் தூவியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பூட்டாத பைப் மாதிரிச் சொட்டியது. நான்காவது ஒரு பக்கமாகப் பீச்சியது. இரண்டு நொசில், ஒரு டீசல் பில்டர், கேபிள் அட்ஜஸ்ட்மென்ட். டைமிங்கை டயல் கேஜ் வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. ஸ்குரூவின் சீலை யாரும் உடைக்கவில்லை.

பாலத்தில் தேர்டில் ஏறினோம். கண்ணாடியில் புகையைத் தேடிக்கொண்டே வந்த நானா, உச்சிக்கு வந்ததும் ஹோர்ன் அடித்தார், யாருக்கென்று தெரியவில்லை.

பாஸுக்குக் காசு கொடுக்கத் திரும்பிப் போனபோது வாசலில் ஒரு சின்ன லொறி. வருஷா வருஷம் லைசன்ஸுக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். மேல் மாகாணத்தில் 2008இல் வந்த நடைமுறை. அதற்காகப் போன கிழமை பம்பைக் குறைத்துக்கொண்டு போனவராம்.

"டெஸ்ட் பாஸ், பாஸ். இனிக் கூட்டிவிடுங்க."

பாஸ் என்னைப் பார்த்தார். பிறகு ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

(தொடரும்)