உயிலுக்கு எட்டாத காசு

சிட்னியில் ஒருத்தர் இறந்த பிறகு அவருடைய லேப்டாப்பில் ஒரு வேர்ட் கோப்பு இருந்தது. பெயர் ‘வில்.டாக்’. பேனையால் வைத்த கையெழுத்து இல்லை, சாட்சிகளும் இல்லை. நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2012இல் தீர்ப்பு வந்தது: அந்தக் கோப்பு உயில்தான். அது எப்போது உருவானது, பிறகு எப்போது திறக்கப்பட்டது என்ற மெட்டாடேட்டாவும் சாட்சியமாகப் போனது. தேடிப் படிக்க விருப்பமான ஆக்களுக்கு, எண்: 2012, என்.எஸ்.டபிள்யூ.எஸ்.சி. 594.

அடுத்த வருடம் குயின்ஸ்லாந்தில் ஐபோன் நோட்ஸில் தட்டி வைத்த உயில் ஒன்று ஏற்கப்பட்டது. 2017இல் அதே மாநிலத்தில் நீதிபதி சூசன் பிரவுன், அனுப்பாமல் டிராஃப்டில் கிடந்த எஸ்.எம்.எஸ். ஒன்றை உயில் என்று ஏற்றுக்கொண்டார். அதில் பாங்க் கார்டின் பின் நம்பர் இருந்தது, கடைசியில் ஒரு ஸ்மைலி. புஷ் பண்ணாமல் விட்ட பிராஞ்ச்சை யாரோ புரொடக்‌ஷனில் ஏற்றினது மாதிரி.

பாஸ்வேர்ட் மேனேஜர் எபிசோடுக்குப் பிறகு வந்த மெசேஜ்களில் பாதி ஒரே கேள்விதான்: “அண்ணா, நான் செத்தால் என்ர அக்கவுண்ட் எல்லாம் யாருக்குப் போகும்?” கூடவே இந்த எஸ்.எம்.எஸ். கதையின் லிங்க்கையும் மூன்று பேர் அனுப்பியிருந்தார்கள், “அப்ப போனில் எழுதினால் காணும்தானே” என்று.

காணாது. அந்த மூன்று கோப்புகளும் உச்ச நீதிமன்றப் படி ஏறித்தான் உயிலாகின. நியூ சவுத் வேல்ஸில் 2006ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம், 8ஆம் பிரிவு, அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, உண்மைதான். உள்ளே போக லோயருக்குக் கட்டும் காசு நீங்கள் விட்டுப்போன காசுதான். முறையான வழி அதைவிட லேசு: எழுத்தில் இருக்க வேணும், நீங்கள் கையெழுத்து வைக்க வேணும், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருந்து பார்த்து, அவர்களும் கையெழுத்து வைக்க வேணும். விக்டோரியாவிலும் அடிப்படை இதுதான். ஒரு வித்தியாசம் மட்டும் கவனியுங்கோ: நியூ சவுத் வேல்ஸில் சாட்சி வைத்தவருக்கே உயிலில் ஏதும் எழுதியிருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, அந்தப் பங்கு செல்லாது. விக்டோரியாவில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். எங்கே இருந்தாலும் அம்மாவையும் தங்கச்சியையும் சாட்சி ஆக்காமல், பக்கத்து வீட்டு ஆக்களைக் கூப்பிடுறது நல்லம்.

ஆனால் நான் எழுத வந்தது அதில்லை. எங்கட வயசுக்காரரிடம் இருக்கிற காசில் பெரிய பங்குக்கு உயிலே எட்டாது. அதுதான் விஷயம்.

வென்ட்வொர்த்வில்லில் அப்பா அம்மாவோடு இருக்கிற 28 வயதுப் பெடியன் ஒருத்தனை நினைச்சுப் பாருங்கோ. வீடு இல்லை. கார் கடனில். பாங்கில் கொஞ்சம் காசு, அதுவும் ஊருக்குப் போக வைத்தது. ஆனால் வேலைக்குப் போன நாளிலிருந்து சூப்பரில் காசு விழுகிறது (இப்போது சம்பளத்தில் 12 சதவீதம்), அதோடு ஆயுள் காப்பீடும் ஒட்டிக்கொண்டிருக்கும். 25 வயதும் 6,000 டாலரும் தாண்டினால் பெரும்பாலான ஃபண்டுகளில் அது தானாக ஏறும். அவன் இறந்தால் குடும்பத்துக்கு வரக்கூடிய மிகப் பெரிய தொகை அந்தக் காப்பீடுதான். அது அவன் பெயரில் இருக்கிற சொத்து இல்லை. ஃபண்டின் டிரஸ்டி கையில் இருக்கிறது. உயிலில் “எல்லாம் அம்மாவுக்கு” என்று எழுதினாலும் டிரஸ்டியை அது கட்டுப்படுத்தாது. வேற சர்வர், உயிலுக்கு அங்கே பெர்மிஷன் இல்லை.

அந்த சர்வருக்கு உள்ள ஃபைல்தான் பைண்டிங் நாமினேஷன். இரண்டு சாட்சியோடு கையெழுத்து வைத்துக் கொடுக்கிற ஒரு படிவம். பல ஃபண்டுகளில் அது மூன்று வருடத்தில் காலாவதியாகிவிடும். ஆப்பில் ஒரு பெயரைத் தட்டி வைக்கிற சாதாரண நாமினேஷன் வெறும் விருப்பம் மட்டும்.

இங்கேதான் எங்கட வீடுகளுக்கு ஒரு பொறி இருக்கிறது. கல்யாணம் ஆகாத எங்கட ஆக்கள் முதலில் எழுதுவது அம்மா பெயரைத்தான். சூப்பர் சட்டத்தில் கணவன் அல்லது மனைவி (டி ஃபாக்டோவும் சேர்த்து), பிள்ளைகள், உங்கள் காசில் தங்கியிருப்பவர், ஒருவரையொருவர் தாங்கி ஒன்றாக வாழ்பவர் — இவர்கள்தான் ‘டிபெண்டன்ட்’. அம்மா என்ற உறவு மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே வீட்டில் இருந்து, நீங்கள் செலவைப் பார்த்து, அவர் உங்களைப் பார்த்து வந்திருந்தால் அவர் உள்ளே வரலாம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் பிள்ளையை இழந்த அந்த அம்மாதான். தகுதி இல்லையென்றால் அந்த பைண்டிங் நாமினேஷன் செல்லாது, முடிவு டிரஸ்டியிடம் போய்விடும்.

பாதுகாப்பான வழி: படிவத்தில் ‘லீகல் பெர்சனல் ரெப்ரெசென்டேட்டிவ்’ என்ற கட்டத்தை நிரப்புவது. அதாவது காசு உங்கட எக்ஸிகியூட்டரிடம் வரும், அங்கிருந்து உயில் சொல்கிறபடி அம்மாவுக்குப் போகும். இப்படிச் செய்தால் உயிலுக்கு அந்தக் காசு எட்டும். வரி இருக்கிறது: வரிச் சட்டப்படி டிபெண்டன்ட் இல்லாதவருக்குப் போனால் வரிக்குரிய பகுதியில் 15 சதவீதம் வரை, காப்பீட்டில் ஒரு பகுதிக்கு 30 வரையும் போகலாம். எஸ்டேட் வழியாகப் போனால் மெடிகேர் லெவி மட்டும் மிச்சம்.

டி ஃபாக்டோ என்று சொன்னேன். வீட்டில் சொல்லாமல் மெல்பேர்னில் ஒருத்தரோடு இரண்டு வருடமாக ஒன்றாக இருக்கிற ஆக்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கோ. உயில் இல்லாமல் இறந்தால், பிள்ளைகளும் இல்லையென்றால், சட்டம் முழுவதையும் அந்தப் பார்ட்னருக்குத்தான் கொடுக்கும். அது நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அவர் இருப்பதே தெரியாத அப்பா அம்மா அதை முதல் தரம் லோயரின் கடிதத்தில் வாசிப்பது எப்படி இருக்கும்? அந்தப் பார்ட்னருக்கும்தான்: செத்த வீட்டில் பின்வரிசையில் நின்றவர், பிறகு இரண்டு வருடம் ஒன்றாக வாழ்ந்ததற்கு வாடகை ஒப்பந்தமும் கரண்ட் பில்லும் தேடிக் காட்ட வேணும்.

கல்யாணம் கட்டினால், அந்தக் கல்யாணத்தை மனதில் வைத்து எழுதாத பழைய உயில் ரத்தாகிவிடும். பிரிந்து இருந்தால் ரத்தாகாது, விவாகரத்து ஆனால் முன்னாள் துணைக்கு எழுதின பங்கு மட்டும் போகும்.

அக்கவுண்ட் கேள்விக்கு வாறேன், அது சின்ன வேலை. ஐபோனில் லெகசி கான்டாக்ட் என்று ஒன்று 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. நீங்கள் குறித்தவர் கீயையும் மரணச் சான்றிதழையும் கொடுத்தால் படங்கள், மெசேஜ்கள், பேக்கப் கிடைக்கும். கீசெயினில் உள்ள பாஸ்வேர்ட்கள் கிடைக்காது. கூகிளில் இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர். 3 மாதத்திலிருந்து 18 மாதம் வரை அமைதியாக இருந்தால் யாருக்கு என்ன போக வேணும் என்று நீங்களே வைக்கலாம். வைக்காமல் விட்டால், இரண்டு வருடம் தொடாத அக்கவுண்ட்டை கூகிள் அழிக்கலாம். கிரிப்டோ வைத்திருப்பவர்கள்: சீட் ஃபிரேஸ் இல்லையென்றால் எந்த நீதிமன்ற உத்தரவும் உதவாது. அதற்காக அதை உயிலுக்குள் எழுதாதீங்கோ. புரோபேட் ஆன உயிலை மற்ற ஆக்களும் பார்க்கலாம்.

என்னைப் போல ஒற்றை ஆள் கம்பெனியில் கான்ட்ராக்டிங் செய்பவர்களுக்கு: டைரக்டரும் பங்குதாரரும் நீங்கள் ஒருவரே என்றால், நீங்கள் இறந்ததும் இன்வாய்ஸ் காசு கம்பெனிக் கணக்கில் நிற்கும், எடுக்க ஆள் இருக்காது. எக்ஸிகியூட்டர் புது டைரக்டரை நியமிக்கலாம் என்று கம்பெனிச் சட்டம் சொல்கிறது. உயில் இல்லாவிட்டால் முதலில் யார் அந்த ஆள் என்று நீதிமன்றம் சொல்லும் வரைக்கும் காத்திருக்க வேணும்.

இனி, அப்பா அம்மாவின் உயில். இதைத் தொடங்கினாலே “வாயைக் கழுவு” என்பார்கள். என்ர அனுபவத்தில் உயில் என்று தொடங்கக் கூடாது, காணி உறுதி என்று தொடங்க வேணும். 95இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது வேறெதை விட்டாலும் உறுதிக்கட்டை விடாத தலைமுறை அது. “உறுதி எங்க அம்மா, யார் பேரில இருக்கு?” என்று கேட்டால் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். முதுசம் எது, சீதனம் எது, தேடிய தேட்டம் எது என்று பிரித்துச் சொல்வார்கள். அது வெறும் பழங்கதை இல்லை. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையின் சொற்கள், யாழ்ப்பாணத் தமிழரின் காணிக்கு இன்றைக்கும் பொருந்துகிற சட்டம்.

இலங்கையில் மரணசாதனத்துக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேணும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சி. அதனால் ஊர்க் காணிக்கு அங்கேயே ஒன்று தனியாக எழுதுபவர்கள் உண்டு. பிறகு இங்கே ஒரு உயில் கிட் வாங்கி நிரப்புவார்கள். அதன் முதல் வரி அநேகமாக “இதற்கு முந்தைய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்” என்றுதான் இருக்கும். யாழ்ப்பாணத்தில் எழுதினதும் அந்த ‘எல்லா’வுக்குள் வந்துவிடலாம். இரண்டு நாட்டில் சொத்து இருந்தால் கிட் வேண்டாம், இரண்டையும் பார்த்து எழுதுகிற லோயரிடம் போங்கோ.

எழுதி முடித்த பேப்பரை ஸ்கான் பண்ணிக் கிளவுட்டில் போடலாம். ஆனால் புரோபேட்டுக்கு நீதிமன்றம் கேட்பது அசலை. அசலில் கிளிப் போடாதீங்கோ, ஸ்கான் பண்ண என்று ஸ்டேப்பிளைக் கழற்றாதீங்கோ. ஊசி ஓட்டையைப் பார்த்தாலே, இதோடு வேறு எந்தப் பக்கம் சேர்ந்திருந்தது என்று பதிவாளர் விளக்கம் கேட்கலாம்.