கணக்குக் கட்டங்களுக்கு வர்ணமிடுதல்

கணினியில் கணக்கெழுதும் மிராசுதாரர்களும் கிராம அதிகாரிகளும் கட்டங்களுக்கு வர்ணமிடுவதால் அடையும் அனுகூலம் பெரிது. ஆயினும், கையால் இட்ட வர்ணம் தொகை மாறினும் தான் மாறாது. தீர்த்த கடன் சிவப்பாகவே நிற்கும், தவணை கடந்த கடனோ வெண்மையாய்க் கிடந்து ஏமாற்றும், வட்டி ஏறும்.

இக்குறையை நீக்கவல்லது நிபந்தனை வர்ணமாகும். எக்ஸெல் 97 பதிப்பு முதல் இவ்வசதி உண்டு. தவணைத் தேதி இன்றைக்கு முந்தியதாயும், பாக்கி பூஜ்யத்திற்கு மேற்பட்டதாயும் இருப்பின் சிவப்பு எனக் கட்டளையிட வேண்டும். தவணை கடந்ததும் கணக்கைத் திறக்கையில் கட்டம் தானே சிவக்கும். பாக்கி தீர்ந்ததும் வெளுக்கும்.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோர் ஆடவருள் உளர். கறுப்பு மையில் அச்சிட்டாலும் வர்ண பேதம் மங்கும். ஆகையால், பக்கத்துக் கட்டத்தில் "பாக்கி" என்று எழுத்தாலும் குறித்தல் அவசியம். வர்ணங்கள் மூன்றுக்கு மேற்படாதிருத்தல் நலம்.