புத்தகக் கடைகள் மறையும்போது மறைவது என்ன?

கொழும்பு கோட்டையில் யோர்க் வீதி வழியாகச் செல்லும் இளந்தலைமுறையினருக்கு, அங்கு செந்நிறத்தில் உயர்ந்து நிற்கும் கார்கில்ஸ் மாளிகை ஒரு பழைய கட்டடம் மாத்திரமே. 1906 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அம்மாளிகை, நாட்டின் முதன்மையான பல்பொருள் அங்காடிகளுள் ஒன்றாக நெடுங்காலம் விளங்கியது. கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட வைட்எவே லெய்ட்லோ நிறுவனமும் கோட்டையிலேயே கிளை அமைத்திருந்தது. எச். டபிள்யூ. கேவ் நிறுவனத்தின் புத்தகசாலையும் அங்கேதான் இருந்தது. அதன் நிறுவுநரான ஹென்றி கேவ் நூல்களை விற்றதோடு நின்றுவிடவில்லை. 1908 இல் இலங்கையைப் பற்றிய பெருநூல் ஒன்றையும் எழுதி வெளியிட்டார்.

இவையெல்லாம் ஆரம்பத்தில் வெள்ளைக்காரருக்கும் தோட்டத்துரைமாருக்கும் வசதி படைத்தோருக்குமென எழுந்தவை என்பதை நாம் மறந்துவிடவில்லை. எமது வாசகர்களின் கொழும்பு, புறக்கோட்டையிலும் செட்டியார் தெருவிலும் ஆதிருப்பள்ளித் தெருவிலும் இருந்தது. 1960 களில் எம். ஏ. ரஹ்மான் கொழும்பிலிருந்து நடத்திய அரசு வெளியீடு, எஸ். பொன்னுத்துரை முதலானோரின் நூல்களைப் பதிப்பித்தது. தமிழர் எழுத முஸ்லிம் பதிப்பிப்பதும், முஸ்லிமின் நூலைத் தமிழர் கடையில் வாங்குவதும் அன்று எவருக்கும் வியப்பளிக்கவில்லை.

இக்கடைகள் ஏன் மறைந்தன? "காலமாற்றம்" என்று ஒற்றைச் சொல்லில் பதிலளித்துவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று.

முதலாவது காரணம் பொருளாதாரக் கொள்கை. 1970 களின் முற்பகுதியில் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பல்பொருள் அங்காடிகளின் அலுமாரிகளை வெறுமையாக்கின. தமிழகச் சஞ்சிகைகளின் வரவு குறைந்தது. அந்த இடைவெளியில் உள்ளூர்ப் பதிப்பு முயற்சிகள் தழைத்தன என்பதும் உண்மையே, அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973 இல் வீரகேசரி பிரசுரமாக வந்தது அத்தகையதொரு சூழலிற்றான். 1977 இன் பின்னர் கதவுகள் திறக்கப்பட்டபோது, போட்டிக்கு ஈடுகொடுக்க இயலாத கடைகள் பின்தங்கின.

இரண்டாவது காரணம் வன்முறை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்ட நாட்களில் பூபாலசிங்கம் புத்தகசாலையும் தீக்கிரையானது. 1983 ஜூலையில் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர்தம் வர்த்தக நிலையங்கள் சாம்பராயின. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், தலைமுறை தலைமுறையாக நடத்திவந்த கடைகளைச் சில மணி நேரத்தில் விட்டுச் செல்ல நேர்ந்தது. 2014 இல் அளுத்கமவிலும் 2018 இல் திகனயிலும் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. எரித்தவர்கள் வேறு வேறானவர்கள். எரிந்ததும் இழந்ததும் ஒரே வகையான வாழ்வு.

மூன்றாவது காரணம் பாதுகாப்பும் நிலத்தின் விலையும். 1996 ஜனவரியில் மத்திய வங்கி குண்டுத் தாக்குதலுக்கு இலக்கான பின்னர் கோட்டையின் வீதிகள் பலவும் மூடப்பட்டன. வாடிக்கையாளர் வருகை அருகியது. 2009 இல் யுத்தம் முடிந்தபின் அப்பகுதி மீண்டும் திறக்கப்பட்டபோது, 2011 இல் ஒல்லாந்தர் கால மருத்துவமனை உணவகங்களும் கடைகளும் கொண்ட வளாகமாக மாறியது. காலிமுகத்திடலருகே 2019 இல் பாரிய வணிக வளாகமொன்று எழுந்தது. பழைய சுவர்கள் புதுப்பிக்கப்பட்டன. பழைய வியாபாரங்கள் திரும்பி வரவில்லை. எஞ்சிய புத்தகக் கடைகளை 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி மேலும் வாட்டியது. அவ்வாண்டு காகிதத் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன என்றால், நூல் அச்சிடுவோரின் நிலையை ஊகித்துக் கொள்ளலாம்.

கடை மறையும்போது பொருள் மாத்திரம் மறைவதில்லை. நாம் மாணவர்களாக இருந்த காலத்தில், கையில் பணமின்றிப் புத்தகக் கடையில் நின்றபடியே பாதி நூலைப் படித்து முடித்ததுண்டு. கடைக்காரர் கண்டும் காணாதவர்போல் இருப்பார். அடுத்த முறை செல்லும்போது, "தம்பி, நீர் படிக்கிற ஆளின்ர புதுப் புத்தகம் வந்திருக்கு" என்பார். பக்கத்தில் நின்று படித்தவர் எந்த ஊரவர், எம்மதத்தவர் என்று எவரும் கேட்டதில்லை. இன மத வேறுபாடின்றி அந்நியர் இருவர் பேசத் தொடங்கக்கூடிய இடங்கள் இந்நாட்டில் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கின்றோம்.

மறைந்த கடைகளை மீளத் திறக்க எவராலும் இயலாது. ஆனால் அவற்றின் நினைவைக் காப்பது இயலாத காரியமன்று. 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டம் அதற்குச் சான்றாகும். பழைய வர்த்தகக் குடும்பங்களிடம் இன்னும் எஞ்சியுள்ள விலைப்பட்டியல்கள், பற்றுச்சீட்டுகள், கணக்குப் புத்தகங்கள், பெயர்ப்பலகைகளின் புகைப்படங்கள் ஆகியவற்றைத் திரட்டுவதற்குப் பல்கலைக்கழகங்களும் மாநகர சபைகளும் வர்த்தகச் சங்கங்களும் இப்போதே முன்வர வேண்டும். அக்கடைகளில் பணியாற்றியோர் பலர் முதுமையில் உள்ளனர். அவர்களது வாய்மொழி பதியப்படாது போனால், அடுத்த தலைமுறைக்குத் தீ வைத்தவர்களின் வரலாறு கிடைக்கும். கடை நடத்தியவர்களின் வரலாறு கிடைக்காது.

வாசகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. உங்கள் ஊரில் ஒரு புத்தகக் கடையேனும் இன்னும் திறந்திருக்குமாயின், இவ்வாரம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை அங்கு செல்லுங்கள்.